இருக்கா, இல்லையா என்று கேட்ட ஊர்

ஆலோசகர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, எச்.ஐ.வி. எப்படிப் பரவும், எப்படிப் பரவாது, ரத்தம் எடுப்பதற்கு முன் என்ன பேச வேண்டும், முடிவை எப்படிச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதையே நானும் சொல்லி உங்கள் மத்தியானத்தை வீணாக்கப் போவதில்லை. ஜனங்கள் கேட்கிற கேள்விகளைப் பற்றிப் பேசுகிறேன். ஓய்வு பெறும் நாள்வரை இந்த வேலை எனக்குச் சலிக்காமல் இருந்ததற்குக் காரணம் அந்தக் கேள்விகள்தான்.

திருவண்ணாமலையில் எங்கள் பரிசோதனை மையம் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையை அடுத்த ஒரு சின்ன அறையில் இருந்தது. கதவில் போர்டு மாட்டியிருந்தோம். போர்டைப் படித்ததும் ஜனங்கள் நாலடி தள்ளிப் போய் நின்றுகொள்வார்கள். உள்ளே வந்து உட்கார்ந்தவர்கள் கேட்பதோ விதவிதமாக இருக்கும். “வெறுங்கால்ல மலை சுத்தறோம். கொப்புளம் உடைஞ்சு ரத்தம் வருது. எனக்கு முன்னால போனவன் ரத்தத்த நான் மிதிச்சா?” என்றார் ஒருவர். காய்ந்த ரத்தத்தில் அந்தக் கிருமி தாக்குப்பிடிக்காது, அப்படி யாருக்கும் வந்ததில்லை என்று சொன்னதும், செருப்பைக் கழற்றி விட்டு எழுந்து நின்று கும்பிட்டார். குழந்தைக்கு மொட்டை அடிக்க வந்த ஒரு அம்மா, கோயிலுக்குப் போவதற்கு முன் எங்களிடம் வந்து, பிளேடு புதுசா என்று எப்படிக் கேட்பது, நாவிதர் கோபித்துக்கொள்வாரா என்று கேட்டார். உங்க கையாலேயே ஒரு பிளேடு வாங்கிட்டுப் போங்க, கோபமே வராது என்றேன்.

இவையெல்லாம் ‘எப்படி வரும்’ என்கிற கேள்விகள். எனக்குப் பிடித்தவை. இன்னொரு கேள்வி இருக்கிறது. ‘யாருக்கு இருக்கு?’ என்பது. அதுவும் தெரிந்துகொள்கிற ஆசையில் பிறப்பதுதான். ஆனால் அது ஒரு குடும்பத்தையே ஊரை விட்டுத் துரத்திவிடும். ஒரே நாளில் ஒரே கூட்டத்தில் இந்த இரண்டு கேள்விகளும் என் முன்னால் வந்து நின்றன. அதைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள் அவை. இலவச மாத்திரைகள் எங்கள் பக்கம் இன்னும் வந்திருக்கவில்லை. கிரிவலப் பாதையில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே ஒரு பெண், தேவகி என்று வைத்துக்கொள்வோம். பாதையோரம் எலுமிச்சை ஜூஸ் கடை. மற்ற நாட்களில் பெரிய வியாபாரம் இருக்காது. பௌர்ணமி ஒரு நாள் விற்றால்தான் அந்த மாதம் ஓடும். அவர் கணவர் போர்வெல் லாரியில் வேலை பார்த்தவர். ஆந்திரா, மகாராஷ்டிரா என்று மாதக்கணக்கில் போய்விடுவார். கடைசியில் உடம்பு இளைத்து, இருமலோடு திரும்பி வந்தார். சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே இறந்துவிட்டார்.

உடலை பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். ஊர் அதைப் பார்த்துவிட்டது. என்ன நோய் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு தேவகி எங்கள் மையத்துக்கு வந்தார். யாரும் அனுப்பி வரவில்லை. தானாகவே வந்தார். என் எதிரில் உட்கார்ந்ததும், “எனக்குத் தெரிஞ்சாகணும். தெரியாம இருந்தா பைத்தியம் புடிச்சிரும்” என்றார். பேசினோம். ரத்தம் கொடுத்தார். திரும்பி வந்து முடிவை வாங்கிக்கொண்டார். பிள்ளைகளையும் ஒரு நாள் அழைத்து வந்தார். அப்படி வந்தபோது ஆஸ்பத்திரி பேருந்து நிறுத்தத்தில் ஊர்க்காரர் யாரோ பார்த்திருக்கிறார்கள்.

பௌர்ணமிக்குச் சில நாட்கள் இருக்கும்போது அந்த ஊரின் கிராம செவிலியர் எனக்கு போன் செய்தார். குரல் படபடத்தது.

“மேடம், தேவகி கடைய எடுக்கச் சொல்லி ஊர்ல பேசறாங்க. நாளைக்குச் சத்துணவுக் கூடத்துல கூட்டம். ஆஸ்பத்திரி மேடமே வந்து இருக்கா இல்லையான்னு சொல்லட்டும்னு உங்களக் கூப்புடச் சொல்றாங்க. வர்றீங்களா?”

நான் நேராகக் கூட்டத்துக்குப் போகவில்லை. முதலில் தேவகி வீட்டுக்குப் போனேன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் கூப்பிட்டாலும், அதிகாரி கூப்பிட்டாலும், யாரைப் பற்றிப் பேச்சோ அவரிடம்தான் முதலில் போக வேண்டும். தேவகி முறத்தில் எலுமிச்சம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். பௌர்ணமிக்கு வாங்கிப் போட்ட பழம்.

“நான் அங்கே போய் என்ன சொல்லணும்?” என்று கேட்டேன்.

கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தார்.

“ஒண்ணும் சொல்லாதீங்க மேடம். இருக்குன்னும் சொல்லாதீங்க, இல்லன்னும் சொல்லாதீங்க. இன்னைக்கு என்னப் பத்திக் கேப்பாங்க. நாளைக்கு எம் பசங்களப் பத்திக் கேப்பாங்க. அப்பறம் பள்ளிக்கூடத்துல டெஸ்ட் சீட்டு எங்கன்னு கேப்பாங்க. ஒரு தடவ வாயத் தொறந்தா அப்பறம் தொறந்துக்கினே இருக்கணும்.”

சொல்லிவிட்டு மறுபடியும் பழம் பொறுக்க ஆரம்பித்தார்.

சத்துணவுக் கூடத்தில் பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பேச்சை ஆரம்பித்தவர் ஏழுமலை. பாதையோரம் மளிகையும் டீக்கடையும் வைத்திருப்பவர். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். பௌர்ணமி வியாபாரம் கெட்டுவிடுமோ என்று பயந்துபோயிருந்தார்.

“மேடம், நாங்க யாரையும் தப்பாப் பேச வரல. ஊர்ல ஒரு பேச்சு ஆயிடுச்சு. இது வெளிய பரவுச்சுனா எங்க யார் கடைலயும் ஒருத்தன் தண்ணி குடிக்கமாட்டான். நீங்க டெஸ்ட் எடுத்திருக்கீங்க. இருக்குதா, இல்லியா? இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போங்க. அந்தம்மா கடை போடட்டும். எங்களுக்கும் நிம்மதி.”

கேட்டதில் நியாயம் இருப்பது போலவே இருந்தது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். தேவகி கடைசியில் தூணோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த செவிலியர், “ஏதாவது சொல்லிடுங்க மேடம்” என்று காதோரம் சொன்னார். அவருக்கும் முடிவு தெரியாது.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை உங்களுக்குச் சொல்கிறேன். ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் கூட்டம் கலைந்துவிடும். அது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் வேறொரு ஊரில், வேறொரு பெண்ணுக்காக இதே நாற்காலியில் உட்கார வேண்டி வரும். அங்கே ‘இல்லை’ என்று சொல்ல முடியாமல் போனால்? நான் வாய் மூடி இருப்பதே அவளுக்கு இருக்கிறது என்று சொன்னதாகிவிடும். தேவகி விஷயத்தில் ‘இல்லை’ என்பது பொய்யாக இருந்தாலோ, அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாது. ஆக, தேவகியின் முடிவு எதுவாக இருந்தாலும் என் பதில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். அதை எப்படிச் சொல்வது என்பதுதான் சிக்கல். தயங்கினால் போச்சு. முகம் வாடினால் போச்சு.

“அண்ணே, அத நான் சொல்லமாட்டேன்” என்றேன்.

“அப்ப இருக்குதுன்னு அர்த்தம்” என்று ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல்.

“இல்லீங்க. எங்க மையத்துக்கு யார் வந்தாலும் அது அவங்களுக்கும் எங்களுக்கும் உள்ள விஷயம். தேவகியப் பத்தி மட்டும் இல்ல. இங்க உக்காந்திருக்கிற யாரப் பத்தியும் நான் சொல்லமாட்டேன். வந்தாங்களான்னும் சொல்லமாட்டேன், வரலன்னும் சொல்லமாட்டேன். என் வேலை போனாலும் சொல்லமாட்டேன். நாளைக்கு ஏழுமலை அண்ணன் வந்தார்னா அவரப் பத்தியும் சொல்லமாட்டேன்.”

“நான் எதுக்கு வர்றேன்?” என்றார் ஏழுமலை, சட்டென்று.

பெண்கள் பக்கம் கொல்லென்று சிரிப்பு. முன்வரிசையில் இருந்த அவர் மனைவி திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு இன்னும் சிரிப்பு. எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

“யாருக்கு இருக்குன்னு கேக்காதீங்க. எப்படி வரும்னு கேளுங்க. எத்தன வேணும்னாலும் கேளுங்க” என்றேன்.

நானே ஆரம்பித்தேன். எச்.ஐ.வி. என்பது கிருமி. அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, கண்ட நோயும் வந்து ஒட்டிக்கொள்ளும் நிலைமைக்குக் கொண்டுவருவதைத்தான் எய்ட்ஸ் என்கிறோம். கிருமி இருப்பவர் வருஷக்கணக்கில் பார்க்க நன்றாகவே இருப்பார், அதனால் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பரவுகிற வழிகள் நாலு: ஆணுறை இல்லாத உடலுறவு, சோதிக்காத ரத்தம், ஒருவருக்குப் போட்ட ஊசியை அடுத்தவருக்குப் போடுவது, தாயிடமிருந்து குழந்தைக்கு. நாலுக்கும் தடுக்க வழி இருக்கிறது. ஆணுறை என்றதும் ஆண்கள் கூரையைப் பார்த்தார்கள். வயிற்றில் இருக்கும் குழந்தைக்குப் போகாமல் இருக்கப் பிரசவ நேரத்தில் மருந்து கொடுக்கிறோம் என்றதும் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“ஜூஸுக்குப் பழம் நறுக்கறப்ப கைய வெட்டிக்கினா?” என்று ஏழுமலை கேட்டார். நல்ல கேள்வி என்றேன். உடம்புக்கு வெளியே வந்தால் அந்தக் கிருமி ரொம்ப பலவீனம். வயிற்றுக்குள் போனாலும் அங்கே இருக்கும் அமிலத்தில் செத்துப்போகும். சாப்பாடு, தண்ணீர், டம்ளர் மூலமாக வராது. கை வெட்டுப்பட்டால் யாராக இருந்தாலும் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும், அது உங்கள் டீக்கடைக்கும் சேர்த்துத்தான் என்றேன்.

அப்போது ஒரு இளம்பெண் எழுந்து நின்றார். இடுப்பில் குழந்தை. சாந்தி என்று வைத்துக்கொள்வோம். தேவகிக்குப் பக்கத்து வீடு.

“மேடம், எங்க வூட்டுக்கும் அவங்க வூட்டுக்கும் நடுவுல ஒரு சொவருதான். அந்த அண்ணன் படுத்துக் கெடந்தப்ப அவரக் கடிச்ச கொசுதான எங்க வூட்டுக்கும் வந்திருக்கும்? ஊசியால வரும்னு நீங்களே சொல்றீங்க. கொசு மூக்கும் ஊசி மாதிரிதான? அவரு ரத்தத்தக் குடிச்சிட்டு எம் புள்ளையக் குத்துது. இது வராதுன்னா அது மட்டும் எப்படி வரும்?”

என் பையில் ஒரு விளக்கப்படம் இருந்தது. அதில் கொசுவைப் போட்டுச் சிவப்பில் பெருக்கல் குறி அடித்திருக்கும். கொசுவால் பரவாது, அவ்வளவுதான். ஏன் பரவாது என்று அதில் இல்லை. எனக்கும் தெரியவில்லை.

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அந்தக் கூட்டத்தில் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பெண் முகத்தைப் பார்த்தேன். அவர் தேவகியைத் துரத்துவதற்காகக் கேட்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார், ஒத்துவரவில்லை, கேட்கிறார். அரைகுறையாகப் பதில் சொன்னால், அடுத்த கொசு கடிக்கும்போது அவருக்கு என் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும். மற்றதையும் நம்பமாட்டார்.

“கொசுவால வராதுன்னு நிச்சயமாத் தெரியும். ஏன் வராதுன்னு நீங்க கேக்கற அளவுக்கு எனக்குத் தெரியலம்மா. கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு நாளைக்கே வரேன்” என்றேன்.

“தெரியாமயேதான் இம்மா நேரம் பேசினியாம்மா?” என்றார் ஏழுமலை. மரியாதை கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனாலும் நாளைக்கு மேடம் வந்து சொல்லட்டும், அதுவரைக்கும் கடையைப் பற்றிப் பேச வேண்டாம் என்று பெண்கள் பக்கம் முடிவாகச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்தபோது தேவகி கூடவே பேருந்து நிறுத்தம் வரை நடந்து வந்தார். நான் ஏறும்போது, “நான் சொன்ன மாதிரியே இருந்துட்டீங்க. அது போதும்” என்றார்.

எங்கள் மருத்துவமனையில் தோல்நோய்ப் பிரிவு டாக்டர் ஒருவர் இருந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு அதையே மேஜை முழுக்கத் தேடுவார். நான் போய்ச் சாந்தியின் கேள்வியைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“யாரு கேட்டது? என்ன படிச்சிருக்கு அந்தப் பொண்ணு? எட்டாவதா? எங்க காலேஜ்ல ஒருத்தன் இப்படிக் கேட்டதில்லயே!” என்று சந்தோஷப்பட்டார். அவருக்கும் முழுவதும் தெளிவாக இல்லை. “இருங்க, பார்த்துடலாம்” என்று அலமாரியிலிருந்து தடித்தடியாக இரண்டு புத்தகங்களை எடுத்தார். வரிசையில் நின்ற நோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டு, சாயங்காலம் என்னை வரச்சொல்லி ஒரு ஓ.பி. சீட்டின் பின்பக்கம் கொசு மூக்கைப் பெரிசாக வரைந்து காட்டினார். அப்புறம் சொன்னார்: “இந்தப் படத்த மட்டும் காட்டாதீங்க. நீங்க சொன்னா அவங்க நம்பணும், நான் சொன்னா நீங்க நம்பணும். அது எதுக்கு? அவங்க கண்ணால பார்த்தே முடிவு பண்ற மாதிரி ஒண்ணு இருக்கு. யாரையெல்லாம் கொசு கடிக்குதுன்னு கேளுங்க.”

மறுநாள் சாந்தி வீட்டு வாசலில் உட்கார்ந்தேன். அவர் சொல்லிக் கேள்விப்பட்டுப் பத்துப் பதினைந்து பெண்கள் வந்துவிட்டார்கள். ஏழுமலையும் வந்து, வேறு எதற்கோ வந்தது போல மின்கம்பத்தில் சாய்ந்து நின்றார்.

படத்தை விரித்தேன். கொசு மூக்கு ஒரே குழாய் கிடையாது. எச்சிலை உள்ளே விடுகிற வழி வேறு, ரத்தத்தை உறிஞ்சுகிற வழி வேறு. ஏற்கெனவே குடித்த ரத்தத்தை அது அடுத்த ஆளுக்குள் விடுவதில்லை. ஆஸ்பத்திரி ஊசியில் பழைய ரத்தம் தங்கி, மருந்தோடு சேர்ந்து உள்ளே போகும். அதுதான் வித்தியாசம்.

“அப்ப மலேரியா மட்டும் எப்படி வருது?” சாந்தி விடவில்லை.

“மலேரியாக் கிருமி கொசு உடம்புலயே வளர்ந்து அதோட எச்சில்ல வந்து சேர்ந்துக்கும். எச்.ஐ.வி. கிருமி மனுஷ ரத்தத்துல இருக்கிற அணுவுலதான் வளரும். கொசு வயித்துக்குள்ள போனா சோறு மாதிரி செரிச்சுப்போயிடும்.”

சாந்தி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டேன்: “உங்க ஊர்ல கொசு யார ஜாஸ்தி கடிக்குது?”

“யாரக் கடிக்காம விட்டுது? புள்ளைங்களத்தான் ரொம்ப. அதுங்களுக்கு அடிக்கத் தெரியாது.”

“வயசானவங்கள?”

“அதுங்க வாசல்லயே படுத்துக் கெடக்குதுங்க.”

“இந்த நோய் வந்ததுன்னு நீங்க கேள்விப்பட்டவங்க எல்லாம் என்ன வயசு?”

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெயர் சொல்ல வேண்டாம், வயது மட்டும் என்றேன். வாலிப வயது ஆண்கள், அவர்களுடைய மனைவிகள், அப்படித்தான் சொன்னார்கள். தாய்க்கு இருந்து பிறந்த கைக்குழந்தை ஒன்றைப் பற்றியும் ஒருத்தி சொன்னாள்.

சாந்தி குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். பிறகு மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னார்.

“கொசுவால வர்றதா இருந்தா, ஓடி ஆடற புள்ளைங்களுக்கும் கெழவன் கெழவிக்கும்தான முதல்ல வந்திருக்கணும். தெருவே காலியாயிருக்குமே.”

அவ்வளவுதான். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏழுமலை கம்பத்தை விட்டு விலகி நடந்தார். போகும்போது, “சரி, போடட்டும் கடைய” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. எல்லாருக்கும் கேட்டது.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்தப் பௌர்ணமிக்குத் தேவகி கடை போட்டார். வெளியூர் ஜனம் ஒன்றும் அறியாமல் வாங்கிக் குடித்துவிட்டுப் போனது. உள்ளூரில் வெகு நாட்களுக்கு யாரும் அவரிடம் வாங்கவில்லை. கோடைக்காலப் பௌர்ணமி ஒன்றில் ஏழுமலை கடையில் ஐஸ் தீர்ந்துபோய், தேவகியிடம் கேட்டு வாங்கி வர ஆள் அனுப்பினார் என்று செவிலியர் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். எனக்கு அன்றைக்கு ரொம்ப சந்தோஷம். சாந்தி மட்டும் முதல் மாதத்திலிருந்தே தேவகிக்குத் துணையாகப் பழம் பிழிந்துகொண்டிருந்தார். நடுவில் சுவர் இருந்தால் சண்டை இல்லாமலா, ஒரு தடவை இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்களாம். காரணம் சாக்கடைத் தண்ணீர். கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. சாதாரணப் பக்கத்து வீட்டுச் சண்டை.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. அந்தக் கூட்டம் முடிந்து கொஞ்ச நாளில் அந்த ஊர்ப் பக்கமிருந்து எங்கள் மையத்துக்கு ஆண்கள் வர ஆரம்பித்தார்கள். தனித்தனியாக, ஒருவருக்கொருவர் தெரியாமல். வெளியூர் வேலைக்குப் போய் வந்தவர்கள், ஏதோ ஒரு தப்பை நினைத்து வருஷக்கணக்கில் பயந்துகொண்டிருந்தவர்கள். நான் சத்துணவுக் கூடத்தில் எத்தனையோ விளக்கம் சொன்னேன். அவர்களை வரவழைத்தது அதெல்லாம் இல்லை.

அவர்களில் ஒருவர், அன்று கூட்டத்தில் இருந்தவர், நாற்காலி நுனியில் உட்கார்ந்து துண்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

“அன்னைக்கு ஊரே சேர்ந்து கேட்டும் சொல்லமாட்டேன்னீங்களே மேடம். அது எனக்கும் உண்டுதான?”

“உண்டுங்க” என்றேன். கையை நீட்டினார். சமீபத்தில் ஏதாவது தவறு நடந்திருந்தால் அது இன்றைய ரத்தத்தில் தெரியாமல் போகலாம், அதனால் மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை வர வேண்டும், அதுவரை மனைவியைக் காப்பாற்ற ஆணுறை வேண்டும் என்று சொன்னேன். கூரையைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டார். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். மறுபடியும் வந்தார். அவர் யார் என்று அந்த ஊரில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்த உங்கள் முகங்களைப் பார்க்கிறேன். இரண்டு மூன்று பேர் எப்போது கேட்கலாம் என்று காத்திருப்பது தெரிகிறது. அப்படியானால் தேவகிக்கு இருந்ததா, இல்லையா?

கேட்கத் தோன்றுவதில் தப்பில்லை. எனக்கும் உங்கள் இடத்தில் தோன்றியிருக்கும். ஊர் பெயரை மறைத்துவிட்டேன், ஆள் பெயரை மாற்றிவிட்டேன், வருஷங்கள் ஓடிவிட்டன, இனி சொன்னால்தான் என்ன என்றும் நீங்கள் நினைக்கலாம்.

அவர் பழம் பொறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டது, ஒன்றும் சொல்லாதீங்க என்றுதான். எதுவரைக்கும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.